பிறர்க்கென ஆடப்படும் வீரக் கூத்தும் கற்றோர் வெறுப்பும்

கூத்தினை வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இருவகைப்படுத்தல் தமிழரின் பண்டை மரபு. சிலப்பதிகாரம் இவ்விரு பெயர்களையும் வழங்குகின்றது. அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லாரும் கூத்தின் வகைகளை விரிக்குமிடத்து இவற்றை எடுத்தோதுகின்றார். வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல். ஏனையோர் அனைவர்க்கும் பொதுவாக ஆடப்படுவது பொதுவியல். இப்பகுப்பில் நோக்கற்பாலதொரு நுட்பம் உண்டு. ஆட்டத்தின் உயர்வு தாழ்வுபற்றி இப்பெயர்கள் எழவில்லை. காண்போர் வேறுபாடுபற்றியே எழுந்தன. கூத்தை வகுக்கப் புகுந்த முன்னோர், அது யார்முன் ஆடப்படுகின்றது என்பதையும் அதன் இலக்கணத்துள் ஒன்றாகக் கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், பிற்காலத்துக் கற்றோரிடையே இவ்வேறுபாடு உயர்வு தாழ்வாகத் திரிந்தது. தமக்கென ஆடப்படாத கூத்தைக் காண நேர்ந்தவிடத்து, ‘இஃது எமக்கு உரியதன்று’ என்று கூறவேண்டியவர், ‘இது கலையே அன்று’ எனத் தீர்ப்பு வழங்கலாயினர். மனிதரின் மிக்க ஆற்றலுடைய தலைவனைப் பாடும் வீரக் கதைகளே இத்தீர்ப்புக்குப் பெரிதும் இலக்காயின. ஒரு காலத்தில் காத்தவராயன் கூத்து அவ்வாறு பழிக்கப்பட்டது; பின்னர்த் திரைப்பட வாள்வீரன் பழிக்கப்பட்டான்; இன்று கைப்பேசியிற் பறந்து வரும் அமெரிக்க மாவீரன் பழிக்கப்படுகின்றான். வெறுக்கப்படும் பொருள் மாறினும் வெறுப்பின் சொற்கள் பெரும்பாலும் மாறவில்லை. அவ்வெறுப்பு எத்துணை மதிப்புடையது, எவ்விடத்து நியாயமாகின்றது, எவ்விடத்துத் தீங்காகின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு வன்னிப் பெருநிலத்துத் தர்மபுரம் தக்கதொரு களமாகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்தில் அமைந்த ஊர் இது. குடியேற்றத்தால் உருவான ஊர் என்பதே ஈண்டு முதன்மையானது. நிலம் நாடி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த உழவரும், 1977 ஆம் ஆண்டின் இனவன்செயலையடுத்து மலையகத் தோட்டங்களை விட்டு வந்த தொழிலாளரும், வன்னியின் பழங்குடிகளும் இப்பகுதியில் அயலவராயினர். வந்தோர் தத்தம் மண்வெட்டியையும் வழிபடு தெய்வத்தையும் கொணர்ந்தவாறே தத்தம் வீரனையும் கொணர்ந்தனர். ஆதலின், இத்தகைய ஊர்களில் அடுத்தடுத்த வேலிக்குள் வாழ்வோரும் வெவ்வேறு அவையினராய் இருந்தனர்.

யாழ்ப்பாணத்தாரும் வன்னி மக்களும் போற்றிய வீரன் காத்தவராயன். முத்துமாரியம்மனின் மகனாகக் கூறப்படும் இவன், எட்டாத உயர்குலத்தவளாகிய ஆரியமாலையை விரும்புகின்றான், தாய் தடுக்கின்றாள், பற்பல வேடங்கள் பூண்டு, இட்ட சோதனைகளையெல்லாம் கடந்து, ஈற்றிற் கழுமரம் ஏறுகின்றான். சிந்து நடையில் விடியவிடிய ஆடப்படும் இக்கூத்து வெறும் பொழுதுபோக்கன்று. மாரியம்மனுக்குச் செய்யும் நேர்த்தியாக இது ஆடப்படுதல் மரபு. கழுவேறும் பாத்திரம் தாங்குவோர் விரதம் காப்பதும் உண்டு. காத்தவராயனின் வெவ்வேறு பருவங்களை வெவ்வேறு நடிகர் ஏற்பர். உயரமும் குரலும் முகமும் வேறாகிய ஒருவர் வந்து நின்றதும், அவரையே அதே காத்தானாக அவை ஏற்றுக்கொள்கின்றது.

மலையகத்தார் கொணர்ந்தது பொன்னர் சங்கர் கதை. கொங்கு நாட்டில் ‘அண்ணன்மார் கதை’ என வழங்கும் இது, மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. உடன்பிறந்தார் இருவர் தம் நிலத்தைக் காத்து நின்று, கொம்பன் என்னும் பெரும்பன்றியைக் கொன்று, சூழ்ச்சியால் மடிகின்றனர். தங்கை தங்காள் அவர்களை உயிர்ப்பிக்கின்றாள். தேயிலை மலைகளுக்கு வந்த தொழிலாளர், காமன் கூத்தோடும் அருச்சுனன் தபசோடும் இக்கதையையும் தோட்டத்து மேடையில் ஆடி வந்தனர். தாம் உழைத்த மண்ணில் ஒரு சாண் நிலமும் தமக்கென இல்லாதிருந்த மக்கள், நிலங்காத்த இருவரின் கதையை ஆண்டுதோறும் ஆடினர் என்பது சிந்திக்கற்பாலது.

வன்னிக்குத் தனக்கே உரிய வீரரும் உளர். வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை மதங்கொண்ட யானையை அடக்கிய கதை இங்கு ஒப்பாரியாகப் பாடப்பட்டது. யானைக் காட்டை அண்டி வாழ்ந்தவர்க்கு யானையை வெல்லும் பெண்ணே மாவீராங்கனை ஆனாள். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன் வரலாற்று மாந்தன். எனினும், மக்கள் வாய்மொழியும் நாடக மேடையும் அவனையும் வியத்தகு வீரனாக வளர்த்தெடுத்தன.

இக்கதைகள் யாவற்றிலும் பொதுவாய் அமைந்த சுவை எது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் எட்டனுள் இரண்டு ஈண்டுப் பொருந்துவன. ஒன்று பெருமிதம், கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களங்கள். மற்றொன்று மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களங்கள். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல். காத்தவராயன் வேடம் மாறுதலும், மாண்ட அண்ணன்மார் மீண்டெழுதலும், ஒரு பெண் யானையை மடக்குதலும் மருட்கைக்கு உரியன. வீரக் கூத்தாவது பெருமிதத்தையும் மருட்கையையும் ஒருங்கு பிணைத்துத் தருவது எனலாம்.

அமெரிக்க மாவீரனையும் இவ்விலக்கணமே விளக்கும். 1938 இல் ‘அக்சன் கொமிக்ஸ்’ என்னும் இதழில் தோன்றிய சூப்பர்மேன், அவ்வகை வீரருள் முன்னவன். அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ சுஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களிற் பிறந்தவர். அழிந்த உலகொன்றிலிருந்து குழந்தையாக அனுப்பப்பட்டு, அந்நிய மண்ணில் வளர்ந்து, பகலில் எளிய செய்தியாளனாகவும் வேண்டும்போது வானிற் பறப்பவனாகவும் விளங்கும் வீரன் அவன். வந்தேறிகளின் மைந்தர் இருவர் அத்தகையவனைக் கற்பித்தது தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. கழுமரமேறும் காத்தானும் வானேறும் அவ்வீரனும் வேறுவேறு நாட்டினர். ஆயினும், எளியவன் ஒருவனுள் அரியவன் ஒருவன் மறைந்திருக்கின்றான் என்னும் நம்பிக்கையையே இருவரும் தத்தம் அவைக்கு வழங்குகின்றனர்.

தமிழ்ச் சிறுவர் இவ்வகை வீரனை நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். ஆங்கிலச் சித்திரக் கதையொன்று சிவகாசியின் முத்து காமிக்சில் ‘இரும்புக்கை மாயாவி’ எனப் பெயர்பெற்று 1972 இல் வெளிவந்தது. அதனை நூலின் நடுவே மறைத்துவைத்து வகுப்பில் வாசித்த தலைமுறையினர், இன்று தம் பேரரின் கைப்பேசியைப் பறித்துவைக்கும் பெரியோராய் உள்ளனர்.

இனி, வீரக் கூத்தினைக் கற்றோர் வெறுத்ததற்குக் கூறிய காரணங்களை நோக்குவாம். அவற்றை மூன்றாகத் தொகுக்கலாம்: சமயமும் ஒழுக்கமும் பற்றியது ஒன்று, கலைநயம் பற்றியது ஒன்று, இளையோர்க்கு விளையும் தீங்கு பற்றியது ஒன்று.

முதலாவதற்கு ஈழத்தில் தலைசிறந்த சான்று ஆறுமுகநாவலர். 19 ஆம் நூற்றாண்டில் சைவத்தை ஆகமநெறியில் நிறுத்த முயன்ற அவர், கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியையும் கேளிக்கைகளையும் கண்டித்தார். கண்ணகி முதலிய சிறுதெய்வ வழிபாட்டையும் மறுத்தார். கிறித்துவ மிசனரிமார் சைவத்தை இழித்துரைத்த காலத்தில், அவர்தம் பழிச்சொல்லுக்கு இடங்கொடாத தூய சமயமொன்றைக் காட்டவேண்டிய தேவை அவருக்கிருந்தது. இக்காரணத்தை மதியாது அவரைக் குறைகூறல் பொருந்தாது. எனினும், அவ்வழி வந்த கல்விமரபு மற்றொரு விளைவையும் தந்தது. சைவப் பாடசாலையிற் கற்றோர், தம் ஊர் மாரியம்மன் முன்றிலில் ஆடப்படும் கூத்தைப் பாமரர் செயலென ஒதுக்கப் பழகினர். கூத்துகள் சாதி எல்லைகளுக்குள் ஆடப்பட்டமையின், ஆட்டத்தின்மேற் காட்டிய வெறுப்பு ஆடுவோர்மேற் காட்டும் வெறுப்பாகவும் எளிதில் மாறிற்று.

இரண்டாவது காரணம் கலைநயம் பற்றியது. கூறியது கூறல் மிகுதி, கதை நம்பத்தகாதது, நீளம் அளவிறந்தது என்பன கூத்தின்மேற் சாற்றப்பட்ட குற்றங்கள். திரைப்பட வீரன்மேலும் அமெரிக்க மாவீரன்மேலும் சாற்றப்படுவன இவையே. இக்குற்றங்களை அவையின் பக்கமாக நின்று நோக்கின் அவற்றின் தோற்றம் மாறுகின்றது. வயலில் உழைத்து வந்து, குழந்தையை மடியிற் கிடத்திப் பாயில் அமர்ந்து, இடையிடையே கண்ணயர்ந்து விழிக்கும் ஒருவருக்கு, விட்ட இடத்தை மீண்டும் பிடிக்கக் கூறியது கூறல் துணையாகின்றது. நேர்த்திக்காக ஆடப்படுவதற்கு நீளம் குற்றமன்று. இரவு முழுதும் விழித்திருத்தலே அந்நேர்த்தியின் ஒரு பகுதி. கதை முன்னரே தெரிந்ததாதல் அவ்வவைக்குக் குறையன்று. தெரிந்த வீரன் தெரிந்த துன்பத்தை இம்முறையும் தாங்குகின்றானா என்று காண்பதற்கே அவர்கள் வருகின்றனர். காத்தவராயனைப் பலர் மாறிமாறி நடித்தலை நகைத்தோர் உளர். ஸ்பைடர்மேன் என்னும் அமெரிக்க வீரனை மூன்று நடிகர் வெவ்வேறு படங்களில் நடித்ததும், 2021 இல் வெளிவந்த படமொன்றில் அம்மூவரும் ஒருங்கே தோன்றியதும், அவை ஆரவாரித்ததும் அவர்க்குத் தெரிந்தால் யாது கூறுவரோ?

வடமொழி அணிநூலார் ‘சகிருதயன்’ என்றொரு சொல் வழங்குவர். ஒத்த உள்ளமுடையோன் என்பது அதன் பொருள். காசுமீரத்து அபிநவகுப்தர், சுவை என்பது அத்தகைய உள்ளத்திலேயே நிறைவெய்தும் என விளக்கினார். இக்கோட்பாட்டைக் கற்றோர் பெரும்பாலும் தமக்குச் சாதகமாகவே கொண்டனர். நுண்கலை உணரும் தகுதி கல்லாதார்க்கு இல்லை என்பதற்கு இதனைச் சான்று காட்டினர். ஆயின், இக்கோட்பாடு எதிர்த்திசையிலும் செல்லும். கம்பராமாயணத்துக்கு ஒத்த உள்ளம் வேண்டுமாயின், காத்தவராயன் கூத்துக்கும் ஒத்த உள்ளம் வேண்டும். மாரியம்மனுக்கு நேர்ந்து பிள்ளையின் நோய் தீர்ந்தவள் கழுமரத்தை நோக்கும் நோக்கு, விரிவுரை மண்டபத்திலிருந்து வந்தவர்க்கு வாய்ப்பதரிது. சுவை தோன்றாவிடத்துக் குறை கூத்தினதோ காண்பவரதோ என வினவுதல் முறையாகும்.

மூன்றாவது காரணமே இக்காலத்து மிகவும் எடுத்துரைக்கப்படுவது. வீரக் கதைகள் இளையோர் மனத்தைக் கெடுக்கும் என்னும் அச்சம் மிகப் பழையது. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ, காவலராக வளர்க்கப்படும் சிறுவர் கேட்கும் கதைகளைத் தணிக்கை செய்தல் வேண்டும் என்றார்; ஹோமர் பாடிய அக்கிலீசு அழுது புலம்பும் பகுதிகளையும் நீக்கக் கருதினார். இருபதாம் நூற்றாண்டில் இவ்வச்சத்துக்கு மருத்துவ வடிவம் தந்தவர் அமெரிக்க உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம். சித்திரக் கதைகளே சிறுவர் குற்றங்களுக்குக் காரணம் என 1954 இல் அவர் ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே அமெரிக்கச் செனற் சபையின் உபகுழு இதனை விசாரித்தது. பதிப்பகத்தார் அஞ்சித் தமக்குத்தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். அவ்விதி 2011 வரை ஏதோவொரு வடிவில் நிலவிற்று.

வெர்தாம் தீய எண்ணமுடையவரல்லர். நியூ யோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வறிய கறுப்பின மக்களுக்காக மருத்துவ நிலையம் நடத்தியவர் அவர். எனினும், அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை ஆராய்ந்த கரோல் ரில்லி என்னும் அறிஞர், சிறுவர் கூற்றுகளை அவர் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் தந்தமையை 2012 இல் வெளிப்படுத்தினார். நல்லெண்ணமுடைய ஒரு கற்றவர், தமக்குப் பிடியாததன்மேற் குற்றம் காணும் விருப்பத்தால் சான்றையே வளைத்தார் என்பது இதனின்று பெறப்படும் பாடம். வெறுப்பு முன்னே சென்று முடிவைத் தேர்ந்துகொள்ள, ஆராய்ச்சி அதன்பின் நடந்துசென்றது.

ஈழத்தில் நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சி இதனோடு ஒப்பிடத்தக்கது. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்தாளர் பலர் இதனை வேண்டியிருந்தனர். அவ்விதழ்கள் தரங்குறைந்தவை என்று மட்டும் அவர்கள் கூறியிருப்பின், அது பிறர் சுவையைப் பழித்தலாகவே முடிந்திருக்கும். பெருந்தொகையாக அச்சாகி மலிவாக வந்திறங்கும் இதழ்களின் நடுவே, உள்நாட்டு எழுத்து அச்சேறவே வழியில்லை என்பதே அவர்தம் வலிய வாதம். அவ்விடைவெளியில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. வன்னிக் காட்டோரத்து வாழ்வைச் சித்திரித்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் அவ்வரிசையிலேயே வெளிவந்தது. விலக்கு ஒன்றே இப்பயனைத் தந்தது எனல் தவறு. விலக்கிய இடத்தில் மக்கள் விரும்பி வாசிக்கும் வேறொன்றை ஆக்கித் தந்தமையாலேயே பயன் விளைந்தது. வாசகர்க்கு ஒன்றை மறுத்துவிட்டு வேறெதனையும் தாராதிருந்தால், அது தண்டனையாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒரு கூற்று. ‘இது தீது’ என்பது வேறு கூற்று. ‘இது பிறவற்றுக்கு இடங்கொடாது பரந்துள்ளது’ என்பது பிறிதொரு கூற்று. முதலாவதற்குச் சான்று வேண்டா. அது சொல்பவரைப்பற்றிய செய்தி. இரண்டாவதற்குச் சான்று மிகவும் வேண்டும். மூன்றாவது கலைபற்றியதன்று, சந்தை, அரங்கு, காலம் என்பவற்றின் பங்கீடுபற்றியது. இம்மூன்றனையும் ஒன்றாகக் குழைப்பதே கற்றோர் வெறுப்பின் பெருங்குறை.

இவற்றைப் பிரித்தறிந்து பேசியதற்கும் அண்மைக் காலத்தில் ஒரு சான்று உண்டு. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்சேசி, மாவீரர் படங்கள் கேளிக்கைப் பூங்காவை ஒத்தன என 2019 இற் கூறியபோது பெரும் வாதம் எழுந்தது. பின்னர் அவர் எழுதிய விளக்கத்தில், அப்படங்கள் தம்மைக் கவராமை தம் இயல்பும் வளர்ந்த காலமும் பற்றியது என்றும், பிந்திப் பிறந்திருப்பின் தாமும் அவற்றை விரும்பியிருக்கக் கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். அதன் பின்னரே தம் முறையீட்டை வைத்தார்: அரங்குகள் பலவற்றை அப்படங்களே நிறைத்துக்கொள்ள, ஏனைய படங்கள் மக்கள்முன் வரும் வழி அடைபடுகின்றது என்பது அது. அவர் முடிபை ஏற்பினும் மறுப்பினும், தம் சுவையை ஒருபுறம் நிறுத்தி வாதத்தை மறுபுறம் நிறுத்திய முறை கற்றோர்க்கு எடுத்துக்காட்டாகும்.

வெறுப்பு அறிவாக மாறியதற்கு ஈழத்துத் தமிழரிடையே சிறந்த சான்று பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், 1950களின் பிற்பகுதி தொட்டு இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் வாயிலாகக் கூத்துகளைத் தேடிச் சென்றார், அண்ணாவிமாரை மதித்தார், போட்டிகள் நடத்தினார், கூத்து ஏடுகள் அச்சேற வழிசெய்தார். 1956 இல் சரச்சந்திரர் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை நாடகம் என்னும் மரபுவழிக் கூத்து வடிவில் மேடையேற்றியமை, தமிழறிஞரையும் தம் மரபை நோக்கத் தூண்டிற்று. 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பட்டன. முன்பு பாமரர் கலையென்று ஒதுக்கப்பட்டது பட்டதாரிகளின் கைத்தட்டலைப் பெற்றது.

எனினும், இவ்வெற்றியிலும் எண்ணற்பாலதொன்று உண்டு. விடியவிடிய ஆடிய கூத்து, நகரத்து அவைக்காகச் சில நாழிகைக்குள் சுருக்கப்பட்டது. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்தது. கூறியது கூறல் களையப்பட்டது. அவ்வவைக்கு அவை தக்க மாற்றங்களே. ஆனால், பொதுவியலாக இருந்தது கற்றோர் விருப்பைப் பெறும்பொருட்டு ஒருவகை வேத்தியலாயிற்று. கற்றோர் கூத்தை விரும்பத் தொடங்கினர் என்பது மெய். கூத்தின் பழைய அவையை அவர்கள் அறிந்தனரா என்பது வேறு வினா. பிறர்க்குரியதைத் தமக்கேற்ப மாற்றிச் சுவைத்தல் எளிது. அது பிறர்க்குரியதாகவே நிற்கவிட்டு, அவர்க்கு அது யாது செய்கின்றது என அறிதலே அரிது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படம் குறித்து 1981 இல் வெளியிட்ட நூல் இவ்வரிய வழியிற் சென்றது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கே அமர்ந்து கலையொன்றைக் கண்ட முதலிடம் திரையரங்கே என்பதை அவர் சுட்டினார். 1956 இல் வந்த ‘மதுரை வீரன்’ போன்ற படங்களை மிகைநடிப்பு என்று மட்டும் கூறி ஒதுக்கியோர் கண்ணுக்கு இவ்வுண்மை புலப்படவில்லை. படத்தை மட்டும் நோக்காது அவையையும் நோக்கியவர்க்கே அது புலப்பட்டது. அதே வேளையில், எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இல் எழுதிய நூல், எம்.ஜி.ஆரின் வீரத் தோற்றம் ஏழை மக்களின் அரசியலுக்கு என்ன செய்தது எனக் கடுமையாக வினவியது. அவையை அறிதல் என்பது குற்றங்காணாமை அன்று. அறிந்தபின் காணும் குற்றமே வலியுடையது என்பதற்கு இந்நூல் சான்று.

இனி, தர்மபுரத்துக்கு மீள்வாம். இங்குள்ள முதியோர் சிலர், இளையோர் கூத்தை மறந்து பிறநாட்டு மாவீரர் படங்களில் மூழ்குகின்றனர் என வருந்துவர். அவ்வருத்தம் மதிக்கத்தக்கது. ஆயின், வன்னியில் கூத்து நலிந்தமைக்கு அப்படங்களே காரணமெனல் வரலாற்றுக்கு மாறானது. கற்றோரின் நெடுநாட் புறக்கணிப்பு ஒரு காரணம். இடப்பெயர்வுகள் அதனினும் பெரிய காரணம். 2009 சனவரியில் தர்மபுரத்து மக்களும் அங்கு வந்து தங்கியிருந்தோரும் மீண்டும் கிழக்கு நோக்கி நகர நேர்ந்தது. அப்பயணத்தில் ஏடுகளும் உடுப்புகளும் மத்தளமும் ஆர்மோனியமும் கொண்டுசெல்லத்தக்க பொருள்களாக இருக்கவில்லை. கூத்துப் பாட்டை மனத்தில் வைத்திருந்தோருள் மீண்டு வாராதாரும் உளர். கூத்துப் பயிலும் மாலைகளும், பயிற்றுவோரும், பார்த்திருக்கும் அவையும் ஒருங்கு குலைந்த பின்னரே கைப்பேசி வந்தது.

அக்கைப்பேசியில் தமிழ்க் குரலில் பேசும் மாவீரனைக் காணும் சிறுவன் யாரென்பதும் எண்ணற்பாலது. போருக்குப் பின் பிறந்து, அழிவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். வானிலிருந்து இறங்கி மக்களைக் காப்பவன் ஒருவன் உளன் என்னும் கற்பனை, தோட்டத்தை விட்டு வந்த பூட்டனாருக்குப் பொன்னரும் சங்கரும் தந்த ஆறுதலோடு உறவுடையது. தாத்தாவுக்குக் கழுமரம் தந்த மெய்சிலிர்ப்பும் பேரனுக்கு அப்படம் தரும் மெய்சிலிர்ப்பும் தொல்காப்பியர் கூறிய அதே மருட்கையின் பாற்படுவன. இதனை அறியாது அவன் சுவையைப் பழித்தல், முன்னர்த் தாத்தாவின் சுவையைக் கற்றோர் பழித்த அதே பிழையை மீண்டும் செய்வதாகும்.

ஆயின், இரண்டும் எவ்வகையானும் சமமோ எனின், அன்று. காத்தவராயன் கூத்தில் அவை வெறும் அவையாக நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டு அங்கிருந்த சிறுவனே சலங்கை கட்டினான். பிறனொருவன் மத்தளம் பழகினான். பெண்கள் நேர்த்தி வைத்தனர். ஊர் கூடிப் பந்தலிட்டது. வீரனை ஆக்குவோரும் காண்போரும் ஒரே ஊரவராய் இருந்தனர். கைப்பேசி மாவீரன் எங்கோ ஆக்கப்பட்டு விற்கப்படுகின்றான். அவனைக் காணும் சிறுவன் அவனாக வேடமேற்று ஆடும் களரி இல்லை. முதியோர் வருத்தத்தின் மெய்யான பொருள் இதுவே. அது அப்படத்தின் தரம்பற்றிய குற்றச்சாட்டன்று. ஊரிடமிருந்து ஆக்கும் உரிமை நழுவியதுபற்றிய முறையீடு. அதனைச் சுவைபற்றிய பழியாக மொழிபெயர்த்துச் சிறுவன்மேல் ஏற்றினால், அவன் கேளான். கேட்கவேண்டிய கடப்பாடும் அவனுக்கில்லை.

கல்லூரிகளுக்கு இவ்விடத்து ஒரு கடமை உண்டு. சைவக் கல்வியின் வழிவந்த நிறுவனங்கள், ஒரு காலத்தில் தம் மாணவரை ஊர்க் கூத்தின் அவையினின்றும் பிரித்தன. இன்று அவையே கூத்தைத் தமிழ்த்தின விழாவின் போட்டி நிகழ்ச்சியாக மேடையேற்றிப் பரிசளிக்கின்றன. இது நன்றே, ஆயின் போதாது. காத்தவராயன், பொன்னர் சங்கர், அரியாத்தை, இரும்புக்கை மாயாவி, சூப்பர்மேன் ஆகியோரை ஒரே வகுப்பறையில் வைத்து, ஒவ்வொருவனும் யார்முன் எத்தேவைக்காகத் தோன்றினான், அவனால் அவ்வவை பெற்றதும் இழந்ததும் யாவை என மாணவரை ஆராயச் செய்தல் வேண்டும். தன் வீரனை ஆசிரியர் இகழவில்லை என அறிந்த மாணவன், தாத்தாவின் வீரனையும் இகழான். அவன் அவ்வீரனைத் தானே ஆட விரும்பவும் கூடும்.

வேத்தியலும் பொதுவியலும் எனப் பகுத்தவர், ஒன்றால் மற்றொன்றை அளக்கச் சொல்லவில்லை. தனக்கென ஆடப்படாத கூத்தின்முன் அமர்ந்தவர்க்கு உரிய வழிகள் இரண்டே: எழுந்து செல்லுதல் ஒன்று, அருகிருப்போரின் முகத்தை நோக்கி, அவர்கள் காண்பது யாது எனக் கேட்டறிதல் ஒன்று. முன்னது குற்றமன்று. பின்னதைச் செய்தவர்க்கே அக்கூத்தைப்பற்றித் தீர்ப்புரைக்கும் தகுதி உண்டாகும்.